அப்பத்தா சொன்ன பாகு வாசனை

திண்டுக்கல்லில் கார் வைத்திருக்கும் யாரிடமாவது போய், "உங்க வண்டியில ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாத ஊர் இது. இங்கே காரே ஹீட்டர்தான். எங்கள் வீட்டுக் காரில் ஏசி பட்டன் மட்டும் எழுத்து அழிந்து வழவழவென்று இருக்கும். அதற்குப் பக்கத்தில், பாதி நீலமும் பாதி சிவப்புமாக இருக்கும் திருகை யாரும் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. அந்த இடுக்கில் படிந்த தூசி ஒரு கோடாகவே மாறியிருந்தது.

கடந்த டிசம்பரில் அந்தத் திருகை முதல் முறையாகச் சிவப்புப் பக்கம் திருப்பினோம். அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கார் பன்னிரண்டு வயது ஹேட்ச்பேக். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு புகையிலைக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். ஒரு சிட்டிகை பொடி போட்டதில்லை, ஒரு துண்டு புகையிலை மென்றதில்லை. ஆனால், சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் கொடியில் புகையிலை மணக்கும். அந்த வாசனை அவருக்கு மட்டும் தெரியாது. "எங்கம்மா மணக்குது?" என்பார், நிஜமாகவே ஆச்சர்யப்பட்டு.

பொதுவாகவே எங்கள் ஊர்க்காரர்களின் மூக்கு கொஞ்சம் மரத்துப்போன மூக்குதான். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப் வாடை. பூ மார்க்கெட்டைத் தாண்டினால் நிலக்கோட்டை மல்லிகையும் சம்பங்கியும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சீரகச் சம்பா பிரியாணி தம். இடையில் புகையிலைக் கிடங்குகள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தால், கண்ணைத் திறக்காமலே ஊர் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். வந்து இரண்டு நாள் தங்கினால் எனக்கும் எதுவும் மணக்காது. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூளை அதைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடும். மூக்கில் கோளாறு எதுவும் இல்லை, அதன் சுபாவமே அப்படித்தான். காரில் வரும் கெட்ட வாசனையை, அந்தக் காரைத் தினமும் ஓட்டுகிறவர் கண்டுபிடிக்க முடியாமல்போவதும் இதனால்தான்.

போன கார்த்திகை மாதம் காருக்குள் எலி புகுந்து ஒரு ஒயரைக் கடித்துவிட்டது. அதற்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே வைத்தியம்தான், பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டிவைப்பது. சில ஊர்களில் கடையில் போய் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமா? அப்பா பழைய நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஒரு கட்டு முழு இலையே வாங்கி வந்து, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வரிசையாகச் செருகிவிட்டார். எலி போய்விட்டது.

டிசம்பர் இரண்டாவது வாரம், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அத்தை வீட்டில் காதுகுத்து. நான் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தேன். அப்பா ஓட்ட, பக்கத்தில் அப்பத்தா. பின்னால் அம்மாவும் நானும். அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. பனிக்காலம் வந்தால் இளைப்பு வரும். மடியில் தைல பாட்டில், தோளில் கம்பளி.

செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரைக்கும் ஏசி ஓடியது. டம்டம் பாறைக்கு மேல் ஏசியை அணைத்தோம். பெருமாள்மலை நெருங்கும்போது அப்பத்தாவின் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. "ப்பா, ஹீட்டர் போடலாமே" என்று நான்தான் சொன்னேன். நானே கையை நீட்டி, அந்தத் திருகைச் சிவப்புக் கோடியில் கொண்டுபோய் வைத்தேன்.

முதலில் கருகல் வாசனை. எனக்கு அது தெரியும். வருடக்கணக்கில் படிந்த தூசி சூடாகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். அப்படியே போயும்விட்டது. அடுத்து புகையிலை. குப்பென்று. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, மறுபடியும் ஆபீஸுக்கே போன மாதிரி இருக்கு" என்றாள். காருக்குள் வரும் வெளிக்காற்று, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள அந்தப் பள்ளத்தில் இருக்கும் துவாரம் வழியாகத்தான் வருகிறது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அப்பா எலிக்கு வைத்த இலையைச் சரியாக எங்கள் மூக்கின் வாசலில் வைத்திருக்கிறார். வண்டியை ஓரங்கட்டி, இலைகளை எடுத்து ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்தோம்.

அப்போது அப்பத்தா சொன்னார். "ஏன்டா, பாகு காச்சுற வாசனை வருதே... மிட்டாய்க் கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். டிக்கியில் பழனியிலிருந்து ஒரு உறவினர் கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்த டப்பா இருந்தது. அதுதான் மூடி திறந்து ஒழுகுகிறது என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். இறங்கிப்போய்ப் பார்த்தேன். டப்பா பத்திரமாக இருந்தது. பிறகு அம்மா தலையில் இருந்த மல்லிகையைக் குற்றம் சொன்னோம். அப்பா முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தை வெளியே எடுத்தார். கிண்ணம் நிறைய காபித்தூள்.

"இது எதுக்குப்பா?"

"கார் வாசனைக்குத்தான் வச்சேன். காபித்தூள் வாடையை இழுத்துக்கும்ல."

அது யார் சொன்ன வைத்தியம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காதுகுத்து நன்றாக நடந்தது. குழந்தை அழுதது, மாமாக்கள் அதைவிட அதிகமாகச் சத்தம் போட்டார்கள், மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. கிளம்பும்போது ஐந்தரை. ஏரியைத் தாண்டுவதற்குள் பனி இறங்கிவிட்டது. டிசம்பர் மாதக் கொடைக்கானலில் சாயங்காலம் பனி இறங்குவது எப்படி என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஒரு வளைவில் சாலை இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது.

முன் கண்ணாடி உள்பக்கம் மங்கியது. ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் தெளிந்துவிடும் என்று அப்பா அதைத் திருப்பினார். முறைப்படி அதுதான் சரி. ஆனால், தெளியவில்லை. காற்று அடிக்க அடிக்க இன்னும் மங்கியது. துணியால் துடைத்தால், தண்ணீர் போல விலகாமல் எண்ணெய் தடவியது போல இழுபட்டது. எதிரே வந்த பஸ்ஸின் ஹெட்லைட் அந்தப் பூச்சில் பட்டு, கண்ணாடி முழுக்க வெள்ளையாகச் சிதறியது. ஒரு கணம் அப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை. பிரேக் போட்டார். பஸ் எங்கள் ஜன்னலை உரசாத குறையாகப் போனது. இடதுபக்கம் பாராபெட் சுவர், அதற்கு அந்தப்பக்கம் பனி. பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பகலில் பார்த்திருக்கிறேன்.

அப்பத்தா இருமத் தொடங்கினார். நிறுத்தாமல் இருமினார். எனக்கும் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இப்போது அந்தப் பாகு வாசனை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால், குமட்டியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டி, ஊத்து பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அவருடைய கை நடுங்குவதை முதல் முறையாகப் பார்த்தேன். அப்பத்தாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, வெந்நீர் வாங்கிக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் இருமல் தணிந்தது.

அப்பா பானெட்டைத் திறந்தார். பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்க் காலி. "காலையிலதான் ஊத்தினேன்" என்று முனகியபடி ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திறக்கப் போனார். கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அங்கே நின்றிருந்தது. அதன் டிரைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார். "சார் சார், கைய எடுங்க! சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துரும்." ரேடியேட்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர். மூடியைத் தளர்த்தினால் பீய்ச்சி அடிக்கும். அது எங்களுக்கும் தெரியும்தான். பதற்றத்தில் மறந்துபோனது.

அவர் காருக்குள் தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்தார். கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து, கட்டைவிரலோடு உரசிப் பார்த்தார். பிசுபிசுப்பு. "கூலன்ட் சார். ஹீட்டர் காயில் ஓட்டை. இனிமே ஹீட்டரைத் தொடாதீங்க. கண்ணாடிய இறக்கிவிட்டுப் போங்க, குளிர்ந்தாலும் பரவாயில்ல." அவ்வளவுதான். எங்கள் நான்கு பேருக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடிபடாததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்தார். டீக்கடையில் சோப்புத் தண்ணீர் வாங்கிக் கண்ணாடியை உள்பக்கம் கழுவினோம். முக்கால் மணி நேரம் எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து தண்ணீர் நிரப்பினோம். வழியில் மேலும் இரண்டு இடத்தில் நின்று அளவு பார்த்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, அப்பத்தாவை மூன்று போர்வையால் சுற்றி, வீடு வந்து சேரும்போது இரவு பத்தே முக்கால்.

அன்றிரவு அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே லிங்க் அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. நான் எழுதியவை மட்டும்தான் அதில் இருக்கும். தங்கம் விலை, மழை விடுமுறை, இந்த வார ஓ.டி.டி ரிலீஸ், எதையும் விட்டுவைத்ததில்லை. அவர் காட்டியது இரண்டு வருடத்துக்கு முன்பு, நான் வேறொரு இணையதளத்தில் இருந்தபோது எழுதியது. தலைப்பு: 'கார் ஹீட்டரில் துர்நாற்றமா? 5 நிமிடத்தில் விரட்டும் 7 வழிகள்!'

"இதுல இது இல்லையேம்மா" என்றார்.

கோபமே இல்லாமல்தான் கேட்டார். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் கேட்பது போல.

இதை எப்படி எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு நாளைக்கு இத்தனை கட்டுரை என்று கணக்கு உண்டு. அன்றைக்கு மாலை கணக்கில் ஒன்று குறைந்தது. குளிர்காலம், கார், டிப்ஸ் என்று தேடி, நாலைந்து ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து, நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஜர்னலிசம் டிப்ளமோவில், சொல்வதைத் தெரிந்தவரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மெக்கானிக்குக்கூட நான் போன் செய்யவில்லை. என்னிடம் அப்போது காரும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

என் குறிப்புகளில் முதலில் எட்டுக் காரணங்கள் இருந்தன. எட்டாவது இதுதான்: இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட் கசிவு. அதை வெட்டியதும் நான்தான். தலைப்பில் 'துர்நாற்றம்' என்று போட்டிருந்தேன். இனிப்பு வாசனை எப்படித் துர்நாற்றம் ஆகும் என்று தோன்றியது. ஏழு என்பது தலைப்பில் பார்க்கவும் நன்றாக இருந்தது. காபித்தூளும் கற்பூரமும் பேக்கிங் சோடாவும் தப்பித்துக்கொண்டன. உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று போய்விட்டது.

அப்பா நவம்பரிலேயே அந்த வாசனையை லேசாக உணர்ந்திருக்கிறார். மகள் எழுதியிருக்கிறாளே என்று தேடிப் படித்து, ஏழு வழிகளையும் வரிசையாகச் செய்திருக்கிறார். காபித்தூள் கிண்ணத்தை வாரம் ஒரு முறை மாற்றியிருக்கிறார். இன்னொரு பக்கம், ரிசர்வ் டேங்கில் கோடு இறங்கிக்கொண்டே வந்ததால், "வண்டி தண்ணி குடிக்குது" என்று வாரா வாரம் அரை பாட்டில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு வரி தேவைப்பட்டது. அந்த வரியைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

மறுநாள் பைபாஸ் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் நோட்டும் பேனாவும் எடுத்ததைப் பார்த்து, "பாப்பா எதுக்கு எழுதுது?" என்று அப்பாவிடம் கேட்டார். "பத்திரிகையில இருக்கா" என்றார் அப்பா. வழக்கமாக அதைச் சொல்லும்போது இருக்கும் குரல் இல்லை.

லாரி டிரைவர் சொன்னதைச் சொன்னோம். அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா, டேஷ்போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி நான் என் கண்ணால பாக்கணும்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என் டெஸ்க்கில் ஒட்டிவைக்க வேண்டும்.

முதலில், முன் இடது சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கி, கார்பெட்டை அழுத்தினார். ஈரம். விரலில் வழவழப்பு. "ஏசி தண்ணி ஒழுகினாலும் இங்கதான் நனையும். அது வெறும் தண்ணி, வழுக்காது. இது வழுக்குது பாருங்க." பிறகு ஆறிப்போயிருந்த எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அந்த இடத்தில் சைக்கிள் பம்ப் போல ஒன்றை மாட்டினார். அதில் ஒரு மீட்டர். கையால் அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு, எல்லோரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் மெதுவாக இறங்கியது. எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது உறுதி. எங்கே? எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களை மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றினார். இப்போது முள் அசையவில்லை. "முடிஞ்சது. காயில்தான்."

ஹீட்டர் என்றால் எனக்கு அதுவரை அயர்ன் பாக்ஸ் மாதிரி ஏதோ கரன்டில் சூடாகும் கம்பி என்றுதான் நினைப்பு. அண்ணன் கையால் காற்றில் வரைந்து விளக்கினார். எஞ்சின் சூட்டை எடுத்துக்கொண்டு கூலன்ட் சுற்றி வருகிறது. கிட்டத்தட்ட தொண்ணூறு டிகிரி சூடு. அதில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன்மேல் ஃபேன் காற்று அடித்தால் நமக்குச் சூடான காற்று. எங்கள் வண்டி போன்றவற்றில் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாம் திருகுவது காற்று போகும் வழியில் உள்ள ஒரு பலகையை மட்டும்தான். அதனால்தான் ஹீட்டரே போடாத திண்டுக்கல்லிலும் அது ஒழுகியிருக்கிறது. பலகை மூடியிருந்ததால், வாசனை லேசாக மட்டும் கசிந்திருக்கிறது. கொடைக்கானலில் நான் திருகைத் திருப்பியதும், கசிந்த கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியிலும் அப்பத்தாவின் நெஞ்சிலும் போய்ப் படிந்திருக்கிறது.

"கூலன்ட்டு மூடின சுத்து பாப்பா. அது வீட்டுப் பானைத் தண்ணி மாதிரி குறையாது. அடிக்கடி குறையுதுன்னா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். ஊத்திக்கிட்டே இருக்கக் கூடாது, தேடணும்."

அவர் எங்களுக்கு இரண்டு வழி சொன்னார். இரண்டு ஹோஸையும் வெளியிலேயே ஒரு வளைந்த பைப்பால் இணைத்துவிட்டு, காயிலைச் சுற்றிலிருந்தே விலக்கிவிடலாம். சில நூறு ரூபாயில், ஒரு மணி நேரத்தில் முடியும். இந்தப் பக்கத்தில் ஓடும் பல பழைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறதாம். அல்லது டேஷ்போர்டை முழுசாகக் கழற்றிப் புதுக் காயில் போடலாம். ஒன்றரை நாள் வேலை, செலவும் பல மடங்கு. ஒழுகலை அடைக்கும் பவுடர் பற்றி அப்பா கேட்டார். "அது ஓட்டையையும் அடைக்கும், நல்ல குழாயையும் அடைக்கும். நான் போட மாட்டேன்."

அப்பா முதல் வழிக்குத் தலையாட்டினார். இந்த ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்ற பழைய நியாயம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை வீடு மலையில் இருக்கிறது, அப்பத்தா வருடத்துக்கு நாலு முறையாவது போவார், பனியில் கண்ணாடியைத் தெளிய வைக்கச் சூடான காற்று வேண்டும். பில் என்னுடையது என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். அதிகம் பேசாமல், "சரி, மாத்திருங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

இரண்டாவது நாள் போனபோது காரின் முகத்தையே கழற்றி வைத்தது போல, டேஷ்போர்டு ஒரு மேஜையில் கிடந்தது. பழைய காயில் நம் கையளவுதான் இருந்தது. அதன் ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் இருக்கும் அதே பொருக்கு. திண்டுக்கல்லில் போர் தண்ணீரின் உப்பு ஊரறிந்தது. குடிக்க ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும் நாங்கள், காருக்கு மட்டும் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். மெல்லிய அலுமினியத்தை அந்த உப்பு உள்ளிருந்தே அரிக்கிறது. அரித்து ஒழுக, ஒழுகியதற்கு ஈடாக இன்னும் உப்புத் தண்ணீர். வாங்கியது செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால், எங்களுக்கு முன்பே யாரோ இதைத் தொடங்கிவைத்திருக்கவும் கூடும். இனிமேல் கூலன்ட்டும், பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்ததுதான் என்று அப்பாவிடம் அண்ணன் சத்தியமே வாங்கினார்.

அவர் வடித்தெடுத்த பழைய கூலன்ட் ஒரு பேசினில் பச்சையாகக் கிடந்தது. ஒர்க்‌ஷாப் நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு அதன் பக்கம் போனது. அண்ணன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார், செருப்பை வீசினார், பேசினைத் தூக்கி மூடி போட்ட கேனில் ஊற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டார். "இனிப்பா இருக்கும், நக்கிரும். நாலு மடக்குப் போதும், கிட்னி போயிரும். எங்க பழைய நாய் அப்படித்தான் போச்சு."

கேனில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன். எத்திலீன் கிளைக்கால்.

இந்தப் பெயரை நான் பலமுறை டைப் செய்திருக்கிறேன். 2022 அக்டோபரில், காம்பியாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மருந்துகளில் அளவுக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்பட்டவை, டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து டைப் செய்தேன். அதே பொருள் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் பச்சை நிறத்தில் ஓடுகிறது என்றோ, அதன் வாசனை பாகு போல இருக்கும் என்றோ எனக்குத் தெரியாது. முகர்ந்ததால் எங்களுக்கு வந்தது எரிச்சலும் இருமலும்தான். இதைக் குடித்தால்தான் விஷம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், அப்பா மிச்சக் கூலன்ட்டை ஊற்றிவைத்திருந்த பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் தேடி எடுத்து, முதல் வேலையாக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தையின் பேரன் வந்துபோகும் வீடு அது.

பழைய இணையதளத்தில் இப்போதும் வேலை பார்க்கும் தோழிக்குப் போன் செய்தேன். கட்டுரையைத் திருத்த முடியுமா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "ரெண்டு வருஷம் ஆச்சுடி, யாரு படிக்கப்போறா?" என்றாள். எங்கப்பா என்றேன். அவள் பிறகு எதுவும் சொல்லாமல், எழுதி அனுப்பச் சொன்னாள். இந்த முறை அண்ணனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

அதில் காபித்தூள் இல்லை. முதலில் போடும்போது வரும் தூசிக் கருகல் சில நிமிடத்தில் போய்விட்டால் கவலை வேண்டாம். போகாமல் பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால், ஃபேனை உடனே அணைத்துவிட்டு ஒயரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரத்துணி நாற்றம் வந்தால் ஏசி காயிலில் பூஞ்சை படிந்திருக்கலாம், அல்லது தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஃபில்டரையும் பார்க்க வேண்டும். அழுகல் வாடை என்றால், பெரும்பாலும் எலி செத்துக் கிடக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, தள்ளி நிற்க வேண்டும். இனிப்பு வாசனையும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கும், குறைந்துகொண்டே போகும் கூலன்ட்டும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் காயில். சைலன்சர் புகை வாடை காருக்குள் வந்தால், ஜன்னலைத் திறந்துவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஏனென்றால், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மயக்கம்தான் அதன் அறிகுறி. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டு உட்காரக் கூடாது என்பதையும் அண்ணன் சொல்லித்தான் சேர்த்தேன். எத்தனை வழிகள் என்று தலைப்பில் எண் போடவில்லை. தோழி ஒன்று போட்டுக்கொண்டாள். அது அவள் வேலை, நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போன் செய்தார். கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி நாயுடுபுரம் போய் வந்தாராம். பெருமாள்மலையில் ஹீட்டர் போட்டாராம். அப்பத்தா நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "தைலம் மட்டுந்தான்டா மணக்குது" என்றாராம்.

"அப்புறம் பாப்பா," என்றார், "அந்த எலி திரும்பி வந்துருச்சு. புகையிலையை எந்தப் பக்கம் வைக்கணும்னு அந்த மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியா?"